புள்ளி விழாமல் ஒரு புத்தகம்: மலையக நூல்களை எண்ணிமமாக்குவோருக்கு

இலங்கை மலையகத்தில் அச்சான தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் மெல்லியது. எண்பது பக்கக் கவிதைத் தொகுதி, கம்பிப் பின் அடித்த சஞ்சிகை, சங்கத்தின் மேதினத் துண்டுப் பிரசுரம், கோயில் தேர்த் திருவிழா மலர், பாடசாலையின் வெள்ளி விழா மலர், காமன் கூத்துப் பாட்டுகளை வாத்தியார் ஒருவர் தன் கையால் எழுதி வைத்த கொப்பி. அச்சிட்டதே சில நூறு பிரதிகள்தான். அதில் பாதி வெளியீட்டு விழா மண்டபத்திலேயே நண்பர்கள் கைக்குப் போயிருக்கும். மிச்சம் லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) தகரப் பெட்டிக்குள்ளும், ஆசிரியர் விடுதி அலுமாரியின் மேல்தட்டிலும், சங்க ஒபிஸின் பின்னறையிலும் கிடக்கிறது. பெரிய நூலகம் ஒன்று ஒருநாள் இவற்றைத் தேடி வரும் என்று காத்திருக்க முடியாது. அந்த நூலகங்களின் பதிவேட்டில் பலவற்றுக்குப் பெயரே இல்லை.

அதனால் வேலை இங்கேயே நடக்க வேண்டும், இங்குள்ளவர்கள் செய்ய வேண்டும். ஸ்கேனர் எந்த ஊரிலும் கிடைக்கும். அட்டைப்படத்தில் நிற்கிறவர் யார், ‘நமது நிருபர்’ என்ற பெயரில் எழுதியது யார், பாட்டில் வரும் தோட்டம் பொகவந்தலாவைப் பக்கமா இராகலைப் பக்கமா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் எப்போதும் இருக்கப் போவதில்லை. பக்கத்தைப் படம் பிடிப்பதும், அந்தப் பக்கத்தைப் பற்றித் தெரிந்தவரிடம் கேட்டு எழுதி வைப்பதும் ஒரே வேலையின் இரண்டு கைகள். இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசுகிறது, ஏனென்றால் அதில் நடக்கும் தவறுகள் வெளியே தெரிவதில்லை.

ஸ்கேனரைத் திறக்க முன்

முதலில் தேடிப் பாருங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் தளம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. 1998இலிருந்து இயங்கும் மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் தட்டெழுதிய உரையாகவே கிடைக்கும். தமிழ் விக்கிமூலம், இணைய ஆவணக் காப்பகம், சென்னையில் 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல், பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியல் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள்: அட்டன், ஹட்டன், நுவரெலியா, நுவரேலியா, நூரளை. ஏற்கெனவே இருப்பதைத் திரும்ப ஸ்கேன் பண்ணுவது ஒரு நல்ல மழையில்லாத நாளை வீணாக்குவது. ஆனால் ஒன்று: இருக்கிற பிரதியில் பக்கம் குறைந்தால், அட்டை இல்லாவிட்டால், அல்லது கறுப்பு வெள்ளையில் மோசமாக எடுத்திருந்தால் மறுபடி எடுப்பது நியாயம்தான்.

அடுத்தது உரிமை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியர் வாழ்ந்த காலமும் அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் நிற்கும். எந்த மாதம் இறந்திருந்தாலும் அந்த எழுபதாவது வருடத்தின் டிசம்பர் முடியும்வரை கணக்கு ஓடும். கண்டியில் வாழ்ந்த சித்திலெப்பை 1898இல் காலமானார். அவர் எழுதியவற்றில் தடை ஏதும் இல்லை. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் 1947இல் காலமானார். அவர் எழுத்தும் இப்போது பொதுச் சொத்து. சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் காலமானவர், ஆகவே 2054 முடியும்வரை வாரிசுகளின் அனுமதி வேண்டும். 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் எழுத்துக்கு 2092 வரை. இருவர் சேர்ந்து எழுதியதென்றால் கடைசியாக இறந்தவரிலிருந்து எண்ண வேண்டும். பெயர் தெரியாதவர் எழுதியது, புனைபெயரில் வந்து யாரென்று வெளிப்படாதது ஆகியவற்றுக்கு வெளிவந்த ஆண்டிலிருந்து 70.

இங்கே பலரும் தடுக்கி விழுவது சஞ்சிகைகளில். ஆசிரியர் “போடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டார் என்பது அந்த இதழில் எழுதிய இருபது பேரின் அனுமதி ஆகாது. தொகுப்பு நூலுக்கும் அப்படியே. முடிந்தவரை ஒவ்வொருவரிடமும், இல்லையேல் வாரிசுகளிடமும், ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அதில் நூலின் பெயர், ஆண்டு, பக்கப் படத்தை இணையத்தில் வைக்கலாமா, தரவிறக்க விடலாமா, உரையாக மாற்றலாமா என்பது தனித்தனியாக இருக்கட்டும். பிள்ளைகள் நாலு பேர் என்றால் நாலு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் வைத்துவிட்டு, கனடாவில் இருக்கும் இன்னொருவர் பிறகு கேள்வி கேட்டால் கோப்பை இறக்க வேண்டி வரும். அனுமதி கிடைக்காத நூலையும் ஸ்கேன் பண்ணிப் பாதுகாக்கலாமா என்று கேட்டால், உரிமையாளரிடம் ஒரு பிரதியை ஒப்படைத்து, வெளியிடாமல் வைப்பதற்காவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள் என்பதே என் பதில்.

புத்தகத்துக்குள் வேறு தாள்களும் இருக்கும். பழைய பற்றுச்சீட்டு, சங்கச் சந்தாத் துண்டு, பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, கடிதம். 1948இல் பிரஜாவுரிமை பறிபோன பிறகும், 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகும் மலையகக் குடும்பங்களுக்குக் காகிதம் என்றால் என்ன என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. அவற்றை எந்தப் பக்கத்துக்கிடையில் இருந்தன என்று குறித்து, தனியாக எடுத்து, குடும்பத்திடம் காட்டுங்கள். பெயரும் அடையாள எண்ணும் உள்ள தாள் பொதுவெளிக்குப் போகக் கூடாது.

மழையும் பூஞ்சணமும்

எந்த மாதத்தில் வேலை செய்வது என்பது இந்த மலைகளில் பெரிய கேள்வி. அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை காற்று காய்ந்திருக்கும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு ஊவா மாகாணத்துக்கு வறண்ட காற்றாக இறங்கும் காலம். தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் குவாலிட்டி சீசனும் இதே மாதங்கள்தான். தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் கலண்டர் தேவையில்லை.

மழைக் காலத்தில் பூட்டிய அறைக்குள்ளும் ஈரப்பதம் 80 வீதத்தைத் தாண்டும். 65 வீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அலுமாரிக்குள் வையுங்கள். 50க்கும் 60க்கும் இடையில் நிற்குமானால் போதும். ஸ்கேன் செய்யக் கொண்டுவந்த புத்தகத்தை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று நாள் வைத்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறையும். அவசரப்பட்டு வெயிலில் விரிக்காதீர்கள், அடுப்புக்கு மேலே வைக்காதீர்கள். வேகமாகக் காயும் தாள் சுருண்டு, பசை வெடித்து, முதுகு பிரிந்துவிடும். நனைந்துபோன புத்தகம் என்றால் நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல், பக்கங்களுக்கிடையே பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, அதை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பத்திரிகைத் தாளைச் செருகினால் அதன் மை ஒட்டும்.

பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை மற்றவற்றோடு வைக்க வேண்டாம். பொலித்தீன் பையில் தனியாகக் கட்டுங்கள். முதலில் உலர வேண்டும். ஈரமான பூஞ்சணத்தைத் துடைத்தால் அது தாளுக்குள் தேய்ந்துவிடும். உலர்ந்து தூளானபின் வெளியே, காற்று உங்களைவிட்டு எதிர்ப்பக்கம் போகும் இடத்தில், மென்மையான தூரிகையால் முதுகிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டுங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலைக்கு வரக் கூடாது, எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும்.

விறகடுப்புப் புகையில் இருந்த புத்தகங்களில் கரி படிந்திருக்கும். அதற்கும் உலர் தூரிகைதான். ஈரத் துணி பட்டால் கரி எண்ணெய்போல் பரவும். புத்தகப் பூச்சி இருந்தால் இரண்டு பொலித்தீன் பைகளில் காற்று வெளியேற்றிக் கட்டி, டீப் பிரீசரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைக்கலாம். எடுத்தவுடன் பையைத் திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும். ஒரு முழு நாள் கழித்துத் திறவுங்கள்.

இன்னும் ஒன்று, சஞ்சிகையில் துருப்பிடித்த கம்பிப் பின். மலைநாட்டு ஈரத்தில் இரண்டு வருடத்தில் பின் துருவேறி, நடுப்பக்கத்தைச் சுற்றிப் பழுப்பு ஓட்டை போடும். முன்பக்கம் பிடித்து இழுத்தால் மட்டை கிழியும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய இரண்டு கால்களையும் மெல்லிய தட்டைக் கத்தியால் நிமிர்த்தி, பின்பக்கமாகத் தள்ளி எடுங்கள். ஸ்கேன் முடிந்ததும் அதே ஓட்டையில் வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடலாம். செலோடேப் எதற்கும் ஆகாது. ஏற்கெனவே ஒட்டியிருப்பதைப் பிரிக்கவும் வேண்டாம், எழுத்தும் கூடவே வரும்.

எந்தக் கருவி

ஒரு சிறிய குழுவுக்கு ஏ4 பிளாட்பெட் ஸ்கேனர் போதும். டெமி அளவுப் புத்தகம், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், விரித்து வைத்தால் அதன் கண்ணாடியில் சரியாக அடங்கும். ஸ்கேனரில் இரண்டு இனம் உண்டு. யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய சிஐஎஸ் வகை கரண்ட் போனாலும் லாப்டொப் பற்றரியில் ஓடும், தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் கண்ணாடியிலிருந்து ஓரிரு மில்லிமீற்றர் தாள் மேலெழுந்தாலே மங்கிவிடும், அதனால் முதுகோரத்து எழுத்துகள் தெளியாது. சிசிடி வகை கனமானது, தனி மின்சாரம் வேண்டும், முதுகோரம் தெளிவாக வரும். தடித்த புத்தகங்கள் நிறைய இருந்தால் சிசிடி. மெல்லிய சஞ்சிகைகள்தான் என்றால் சிஐஎஸ் போதும்.

முதுகை அமுக்கி அமுக்கித் தட்டையாக்க வேண்டி வந்தால் ஸ்கேனரை மூடிவிட்டுக் கமராவுக்கு மாறுங்கள். ஊர்த் தச்சரிடம் 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில் 14க்கு 18 அங்குலப் பலகை இரண்டு வெட்டி, நடுவில் 100 பாகைக் கோணம் வரும்படி, முதுகு உட்காரச் சிறு இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். புத்தகம் முழுதாக விரியாமல் அதன் மேல் சாய்ந்திருக்கும். பக்கத்தின் மேல் வைக்க 3 மில்லிமீற்றர் கண்ணாடி, 30க்கு 40 சென்ரிமீற்றர், நாலு ஓரமும் தேய்த்தது. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை இருக்கும், அந்தப் பாரமே தாளைத் தட்டையாக்கும், அழுத்தத் தேவையில்லை. உடையும் நிலையில் உள்ள தாளுக்கு கண்ணாடியே வேண்டாம். விளக்கு இரண்டும் பக்கத்துக்கு 45 பாகையில், எதிரெதிராக. கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டாவிட்டால் உங்கள் சட்டை கண்ணாடியில் தெரியும்.

நல்ல போனும் உதவும். 12 மெகாபிக்சல் என்றால் நாலாயிரத்துக்கு மூவாயிரம் புள்ளிகள். டெமிப் பக்கம் ஒன்று சட்டத்தை நிரப்பினால் அங்குலத்துக்கு 400க்கு மேல் கிடைக்கும். 22 அங்குல நீளமுள்ள பத்திரிகைப் பக்கத்தில் அதே போன் 180தான் தரும், ஆகவே அதை நாலு துண்டாக, ஓரம் ஓர் அங்குலம் மேவும்படி எடுக்க வேண்டும். போனை ஸ்டாண்டில் பூட்டுங்கள், கையில் பிடிக்காதீர்கள். ‘டொக்கியுமென்ட் ஸ்கேன்’ என்று வரும் செயலிகளைத் தொடவே வேண்டாம், ஏன் என்பது கீழே. எல்ஈடி விளக்கில் படத்தின் குறுக்கே சாம்பல் வரிகள் வந்தால் காரணம் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம். ஷட்டரை 1/50 செக்கனில் நிறுத்தினால் போய்விடும். குளிரில் பஸ்ஸில் வந்த கமராவைப் பையிலிருந்து உடனே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். அரைமணி பையிலேயே இருக்கட்டும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல். மேகம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள். யூபிஎஸ் இருப்பது மின்னலுக்குப் பாதுகாப்பு ஆகாது.

புள்ளியின் கணக்கு

எல்லாக் கையேடுகளும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்), நிறத்தில் எடு என்று சொல்லும். தமிழுக்கு அது ஏன் கட்டாயம் என்பதைச் சொல்வதில்லை.

ஈய எழுத்தில் அச்சான பழைய பக்கம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். வழமையான எழுத்தளவில் மெய்யெழுத்தின் புள்ளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் விட்டம். 300 டிபிஐயில் ஒரு மில்லிமீற்றருக்குப் பன்னிரண்டு பிக்சல் அளவில் வரும், ஆக புள்ளிக்கு ஐந்து பிக்சல் குறுக்களவு. 200இல் மூன்று. 150இல் இரண்டே இரண்டு, அதுவும் ஜேபெக் சுருக்கத்தில் சாம்பல் கறையாகக் கரைந்துவிடும். அடிக்குறிப்பு, சிறு விளம்பரம் போன்ற பொடி எழுத்தில் புள்ளி 0.3 மில்லிமீற்றர்தான் இருக்கும். அதற்கு 400 வேண்டும். தேய்ந்த ஈயத்தில் முதலில் மறைவதும் இந்தப் புள்ளியே, ஆகவே தாளில் இருப்பதே அரைகுறை.

அடுத்து நிறம். ஈரம் பட்ட தாளில் பழுப்புப் பொட்டுகள் வரும். அளவில் பலதும் புள்ளி மாதிரியே இருக்கும், ஆனால் நிறம் பழுப்பு; மை கறுப்பு. நிறத்தில் எடுத்தால் இரண்டும் வேறு வேறு என்று கண்ணுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும், அல்லது இரண்டும் சேர்ந்தே போய்விடும். ‘கண’வுக்கு மேல் பொட்டு விழுந்து ‘கண்’ ஆகும். ‘மரம்’ புள்ளி இழந்து ‘மரம’ ஆகும். வசனத்தில் வாசகர் ஊகித்துக்கொள்வார். பழைய பாட்டிலும் ஊர்ப் பெயரிலும் ஊகிக்க முடியாது. ‘டொக்கியுமென்ட் ஸ்கேன்’ செயலிகள் செய்வது இதைத்தான்: பின்புலத்தை வெளுக்கிறோம் என்று புள்ளியையும் சேர்த்து வெளுக்கின்றன. பக்கத்தை நேராக்கி ஓரம் வெட்ட ஸ்கேன் டெய்லர் மென்பொருள் நல்லது, ஆனால் அதில் சிறு பொட்டுகளை நீக்கும் தெரிவை முதலிலேயே அணைத்துவிடுங்கள். ஆங்கிலப் புத்தகத்துக்கு அது உதவலாம். தமிழில் அது புள்ளி தின்னும் பூச்சி.

மெல்லிய தாளில், அல்லது பூசை எண்ணெய் பட்ட கூத்துப் பாட்டுக் கொப்பியில், பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். அந்தத் தாளுக்குப் பின்னால் மங்கலான கறுப்புத் தாள் ஒன்றை வையுங்கள். பின்பக்க எழுத்து பெரும்பாலும் அமுங்கிவிடும். வெள்ளைத் தாள் வைத்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

மூலப் படத்தை டிஃப் வடிவில் வையுங்கள். டெமிப் பக்கம் ஒன்று 300 டிபிஐ நிறத்தில் ஏறத்தாழ 12.6 எம்பி. நூறு பக்கப் புத்தகம் ஒன்றேகால் ஜீபி, ஒரு டெராபைட் டிஸ்கில் எழுநூற்றுக்கு மேல் அடங்கும். வாசகருக்குப் போகும் பிடிஎஃப் 20, 30 எம்பிக்குள் இருந்தால் நல்லது. மூலத்தை அழித்துவிட்டு பிடிஎஃபை மட்டும் வைத்திருப்பது பெரிய தவறு. நாளைக்குப் படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருள் இன்னும் திறமையாகும்போது திரும்பத் தாளைத் தேடிப் போக வேண்டி வரும், தாள் இருக்காது.

எடுக்கும் ஒழுங்கு இது. முன் மட்டை, அதன் உள்பக்கம், வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கமும், பின் மட்டையின் உள்பக்கம், பின் மட்டை. விளம்பரத்தை விடாதீர்கள், நாவலப்பிட்டியில் எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகலாம். முதல் படத்தில் அளவுகோல் ஒன்றும் நிற அட்டை ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். கோப்புப் பெயர் நாலு இலக்க எண்ணாக, 0001இலிருந்து. பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம், சில கணினிகளில் சுருக்கி விரிக்கும்போது கலைந்துவிடும். அன்றைக்கே, புத்தகம் கையில் இருக்கும்போதே, இன்னொருவர் பக்க எண்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு தாள் ஒன்றாகப் புரண்டிருப்பது அப்போதுதான் பிடிபடும். புத்தகம் உரியவர் வீட்டுக்குத் திரும்பியபின் கண்டுபிடித்தால் மறுபடி மலையேற வேண்டும்.

பக்க எண் தமிழ் இலக்கத்தில் இருந்தால் கவனம். ௧ என்பது க போல, ௨ என்பது உ போல, ௭ என்பது எ போல, ௮ என்பது அ போல இருக்கும். ௧௨௫ என்றும் போடுவார்கள், ௱௨௰௫ என்றும் போடுவார்கள். இரண்டும் 125 தான்.

எழுத்தாக மாற்றும்போது

படம் மட்டும் இருந்தால் தேட முடியாது. அதை எழுத்தாக்க டெசராக்ட் இலவசமாகக் கிடைக்கிறது, கூகிளின் எழுத்துணரியும் தமிழ் வாசிக்கும். தமிழ் விக்கிமூலத்தில் பக்கத்துக்குப் பக்கம் எழுத்துணரியை ஓட்டித் திருத்தும் வசதியும் இருக்கிறது. இரண்டு பத்திச் சஞ்சிகையை ஒரே படமாகக் கொடுத்தால் இடது வரியும் வலது வரியும் ஒட்டிக்கொள்ளும். பத்தி பத்தியாக வெட்டிக் கொடுங்கள்.

பழைய வரிவடிவம் தனிச் சிக்கல். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போட்ட வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றுக்குச் சுழித்த வடிவமும் தமிழ்நாட்டு அரசு 1978இல் மாற்றும்வரை வழக்கில் இருந்தன. இலங்கை அச்சகங்களில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்த ஈய எழுத்துகளே ஓடின. எழுத்துணரி இவற்றை இல்லாத எழுத்துகளாக வாசிக்கும். ஒரே நூலில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவதால், முதல் பத்துப் பக்கத்தைக் கையால் திருத்தி, அந்தப் பிழைகளைப் பட்டியலிட்டு, மிச்சத்தில் ஒன்றாகத் தேடித் திருத்தலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் கட்டளையைக் கொடுக்காதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ இருக்கும். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் இருக்கும். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், தேடினால் அகப்படாது. ‘ஸ்ரீ’ யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது, ஆகவே ஸ்ரீபாத என்று தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும். ஒன்றைத் தெரிந்து முழுத் தொகுப்புக்கும் அதையே வையுங்கள். தொண்ணூறுகளுக்குப் பிறகு கணினியில் அச்சுக்கோத்த நூல்களின் கோப்பு அச்சகத்திடம் இன்னும் இருக்கலாம், அநேகமாக யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில். அதை யூனிகோடுக்கு மாற்றுவது ஸ்கேனைவிட வேகம். ஆனால் அச்சான புத்தகத்தோடு ஒப்பிடாமல் ஏற்ற வேண்டாம், கடைசி நேரத் திருத்தங்கள் கோப்பில் இல்லாமல் இருக்கும்.

மெய்ப்புப் பார்ப்பது இரண்டு பேர், ஒருவருக்குப் பின் ஒருவர். அவர்களில் ஒருவராவது மலையகத் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கவ்வாத்து, பெரட்டு, கொந்தரப்பு, அரைப்பேர், பிள்ளைக்காம்பரா, இஸ்தோப்பு ஆகிய தோட்டத்துச் சொற்களை அச்சுப் பிழை என்று நினைத்து நல்லெண்ணத்தோடு ‘திருத்தி’விடுபவர்கள் உண்டு. ‘மேல்கணக்கு’ என்று பாட்டில் வந்தால் இங்குள்ளவருக்கு அது தோட்டத்தின் ஒரு பிரிவு. தஞ்சாவூரில் உட்கார்ந்து திருத்துபவருக்குச் சங்க இலக்கியம். இந்தச் சொற்களுக்கு ஒரு பட்டியல் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். அச்சில் உள்ளது உள்ளபடியே இருக்கட்டும். உண்மையான அச்சுப் பிழையானாலும் மாற்றாமல், பக்கத்தில் குறிப்புப் போடுவதே முறை.

பெயர், ஆண்டு, ஊர்

விவரக் குறிப்பில் அதிகம் பிழைப்பது ஆண்டு. பழைய நூலில் ‘விபவ வருடம் ஆனி’ என்று மட்டும் இருக்கும். அறுபது வருடச் சுற்று என்பதால் அது 1868ஆகவும் இருக்கலாம், 1928ஆகவும் இருக்கலாம், 1988ஆகவும் இருக்கலாம். தாள், அச்சகத்தின் பெயர், விலை ரூபாயா சதமா, அணிந்துரையில் யார் கையெழுத்து என்பவற்றை வைத்துத் தீர்மானித்து, ஊகம் என்றால் ஊகம் என்று குறியுங்கள். முதலெழுத்துக்குப் பதிலாகத் தோட்டத்தின் பெயரை முன்னால் வைத்துக்கொண்ட எழுத்தாளர்கள் மலையகத்தில் நிறைய. அதைத் தகப்பன் பெயர் என்று பதிந்துவிட வேண்டாம். புனைபெயருக்கும் சொந்தப் பெயருக்கும் இரண்டிலிருந்தும் தேடி வரும்படி இணைப்புப் போடுங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். அந்தத் தமிழ்ப் பெயர் பலவும் எந்த வரைபடத்திலும் இல்லை.

தேடும் எல்லையும் இந்த மலைகளோடு முடிவதில்லை. 1964 ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று எழுதினார்கள். போனவர்கள் பெட்டியில் புத்தகமும் போனது. இங்கே ஒரு பிரதிகூடக் கிடைக்காத சஞ்சிகை கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு வீட்டில் இருக்கக்கூடும். அங்குள்ள உறவினரிடம் போனிலேயே மட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் தேடல் தொடங்கிவிடும்.

கோப்புகளை மூன்று பிரதியாக, இரண்டு வேறு வகைச் சாதனத்தில், ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். அட்டனில் இரண்டு டிஸ்க் ஒரே அலுமாரியில் இருப்பது ஒரு பிரதிக்குச் சமம். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு பழுதாகியிருக்கிறதா என்று காட்டும் எண்) எடுத்து ஒரு உரைக் கோப்பில் சேமித்து, வருடத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். மூலப் படங்களை இணையத்தில் அனுப்ப முயன்று டேட்டாவைக் கொட்ட வேண்டாம். டிஸ்கைக் கொழும்புக்குப் போகும் ஆளிடம் கொடுத்துவிட்டு, பிடிஎஃபை மட்டும் இரவு டேட்டாவில் ஏற்றுங்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெள்ளைத் தாளில் சுற்றி, படுக்கவைத்து, எடுத்த நிலையைவிட மோசமாகாமல் கொடுங்கள். கூடவே அச்செடுத்த பிரதி ஒன்றும் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் லாப்டொப் இல்லை, பெரிய பிடிஎஃப் சின்னப் போனில் திறக்காது. அச்சுப் பிரதியில் அவர்கள் பேனாவால் ஓரத்தில் எழுதட்டும்: இந்தப் படத்தில் நிற்கிறவர் இன்னார், இந்தப் பாட்டுக்கு மெட்டு இது, இந்தக் கதையில் வரும் துரை எந்தத் தோட்டத்துத் துரை. ஒரு மாதம் கழித்துப் போய் அந்தப் பிரதியை வாங்கி வந்து, எழுதியவர் பெயரோடும் அவர் சம்மதத்தோடும் அதையும் ஸ்கேன் பண்ணி, மூல நூலின் பதிவோடு இணைத்துவிடுங்கள்.